கிடாரத்து மழையும் தேசி இலையும்

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தெற்கே என் கடை எரிந்தது. வேலணையில் மனைவியின் சீதனக் காணிக்கு வந்து சேர்ந்தேன். கையில் ஒரு தோல்பை, ஓரிடத்தில் நிற்காத இரண்டு கால்கள். காணி நிறையத் தேசி, எலுமிச்சை மரங்கள். இலையில் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள், காய்ச்சல்காரன் கண் மாதிரி. பூக்கும், பிஞ்சு பிடிக்கும், சோளகக் காற்று ஒரு தரம் ஊதினால் நிலமெல்லாம் பிஞ்சு.

மனைவியின் அண்ணன் வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "உதுகளைத் தறிச்சுப்போட்டுப் புகையிலை வையுங்கோ."

காணி அவளுடையது, முடிவும் அவளுடையது. "வாற காய்ப்பு மட்டும் பாப்பம். பிஞ்சு நிக்காட்டித் தறிப்பம்" என்றாள்.

கடை போன நாளிலிருந்து வீட்டுக்குள் இருக்க ஏலாமல் அலைந்தவன், அந்த மஞ்சள் நிழலில் மட்டும்தான் சாரத்தை மடித்துக்கொண்டு குந்தி இருந்தேன்.

பட்டணத்துப் பசளைக் கடைக்காரர் நான் கொண்டுபோன இலையைத் திருப்பிப் பார்த்தார். "தீவுப்பக்கமோ? உங்கட நிலம் சுண்ணாம்புக்கல். வேருக்குப் போடுற சத்தைக் கல்லே பிடிச்சு வைச்சிடும். இலைக்கு நேரே குடுங்கோ." துத்தநாகச் சத்துள்ள வெள்ளைத் தூள் ஒரு பொதி தந்தார். கொஞ்சம் நீற்றுச் சுண்ணாம்பும் சேர்த்துக் கரைக்கச் சொன்னார்.

முதுகில் மருந்தடிக்கிற ரின்னோடு மரத்துக்கு மரம் அலைந்தேன். வெள்ளைத் துளி படிந்த இலைகளைப் பார்த்து மச்சான் சிரித்தார். "என்ன, பொம்பிளை பாக்க வருகினமோ? மரத்துக்குப் பவுடர் பூசுறீர்!"

கிழமை திரும்ப முன்னம் இலை விளிம்பெல்லாம் கருகியது. மனைவி ஒரு இலையைக் கிள்ளினாள்.

"எந்தத் தண்ணியிலை கரைச்சனீங்கள்?"

"எங்கட கிணத்துத் தண்ணியிலைதான். பின்னை?"

"தலை முழுகினால் மயிர் பிசுபிசுக்கிற உப்புத் தண்ணி. வேர் சின்னனிலேயே பழகியிட்டுது. இலைக்கு என்ன தெரியும்?"

வேறெந்தத் தண்ணியை நினைத்திருப்பேன்? கோயிலடியில் ஒரு நல்லதண்ணிக் கிணறு உண்டு. குடிக்க, சோறாக்க, அவ்வளவுதான். அதில் அள்ளிக் கால் கழுவினாலே ஊர் கதைக்கும். தீவில் பிறந்த எவனுக்கும் அந்தத் தண்ணியை மரத்துக்கு அடிக்கிற எண்ணம் வராது. "அதைத் தொட்டால், பிறகு எங்களை ஒரு கலியாணத்துக்கும் கூப்பிட மாட்டினம்" என்றாள் அவளும்.

பொதியில் பாதித் தூள் மிச்சம் கிடந்தது. நான் வானத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தேன்.

ஐப்பசியில் கிழக்கே இடி உருண்டது. குசினிக்குள் 'கடகட' என்று சத்தம். எட்டிப் பார்த்தால், கலியாணச் சோறு அவிக்கிற பெரிய கிடாரத்தை மனைவி தனியாக இழுத்துக்கொண்டு வருகிறாள்.

"பாத்துக்கொண்டு நிக்காமல் மற்றக் காதைப் பிடியுங்கோ!"

ஓட்டுத் தாழ்வாரத்தின் கீழ் வைத்தோம். வானம் இறங்கியது, செம்புக் கிடாரத்தில் மேளம் கொட்டிற்று. குடம், வாளி, பிள்ளைகளைக் குளிப்பாட்டின சருவம், எல்லாம் நிரம்பின. ஓட்டுத் தூசி கழுவிப் போக விட்டு, வேட்டித்துண்டால் வடித்து மூடி வைத்தாள். மரத்தைத் தறிப்பம் என்றவளும் அவள்தான்.

மழை ஓய்ந்து, தையில் புதுக்குருத்து விட்ட காலைகளில், வெயில் ஏறமுன் அந்த மழையில் கரைத்து அடித்தேன். இலையின் மேலும், மறக்காமல் கீழும். இந்தமுறை கருகவில்லை. குருத்து விரிய விரியப் பச்சை, கழுவி வைத்த பச்சை. பூவுக்குப் பின் பிஞ்சு. சோளகம் வந்து உலுப்பியது, கொஞ்சம் விழுந்தது. மற்றவையெல்லாம் காம்பைப் பிடித்துக்கொண்டு ஆடின, நானும் கீழே நின்று ஆடினேன்.

மனைவி சொன்ன தவணைக்கு மச்சான் வந்தார், சைக்கிள் கரியரில் கோடாலி. மரங்களைப் பார்த்தவர் கோடாலியை அவிழ்க்காமல் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். மனைவி தேசிக்காய்த் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏன் அண்ணை, கோடாலி?"

"விறகு கொத்தத்தான்" என்று உறிஞ்சினார். கண் ஒருமுறை சுருங்கித் திறந்தது. "நல்ல சாறு."

போகும்போது வேலிப் படலையடியில் என் பக்கம் குனிந்து, தங்கச்சிக்குக் கேளாமல் கேட்டார்: "அந்தப் பவுடர் எந்தக் கடையிலை? எங்கட மாதுளையும் மஞ்சளாய்த்தான் நிக்குது."

"கடையைச் சொல்லுவன் மச்சான்" என்றேன். "வீட்டிலை கிடாரம் இருக்கோ?"