சிஜோவைக் கூப்பிட்ட பிரின்சிபால்

ராகேல் மேடம் இப்போது யாரையும் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடுவதில்லை. மகள் ரெனிஷா மாடியில் இருந்தால்கூட, முட்டுவலியோடு படியேறிப் போய்த்தான் பேசுகிறார். கேட்டால், "இருக்கட்டும் சார், நடந்தா நல்லதுதானே" என்று மழுப்பிவிடுவார்.

ஒரு காலத்தில் அந்தக் குரலுக்கு எங்கள் காலேஜே நடுங்கும். உபதேசியார் ராஜையனின் மகள் அவர். ஞாயிறுதோறும் சபையில் வேதபாடம் வாசித்து வளர்ந்த குரல். அவருக்கு மைக்கே வேண்டாம் என்று நான் சொல்வேன். நான் சிவில் டிபார்ட்மென்ட் வாத்தியார்தான். ஆனால் விழா என்றால் மைக், ஆம்ப்ளிபயர் எல்லாம் என் தலையில். ஒரு வேலையை ஒருமுறை ஒழுங்காகச் செய்து தொலைத்தால், நம்மூரில் ஆயுசுக்கும் அதுவே நம் வேலை.

மார்த்தாண்டத்துக்கு மேற்கே ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்தது காலேஜ். சாதியைச் சொல்லிக் கோயில் தெருவில் நடக்க விடாத காலத்தில் மிஷன் பள்ளியில் எழுத்துப் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் சேர்ந்து தொடங்கியது. ஆபீஸ் சுவரில் பழைய பிரின்சிபால்களின் படங்கள் வரிசையாக இருக்கும். எல்லாம் கோட்டுப் போட்ட ஆண்கள். அந்த வரிசையில் முதல் பெண் ராகேல் மேடம். கடைசி ஆளும் அவர்தான் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

பிரின்சிபால் ஆன புதிதில் அவர் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போனார். கறுப்பின மக்களை மற்ற கல்லூரிகளில் சேர்க்காத காலத்தில் அவர்களுக்கென்றே தொடங்கிய இடம் அது. அங்கே பொறியியல் பிரிவின் டீன் ஒரு கறுப்பினப் பெண்மணி. நம் காலேஜ் வந்த கதையை மேடம் சொன்னபோது அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கும் இதே கதைதான் என்றாராம்.

அங்கே பட்டமளிப்பு விழாவை மேடம் பார்த்திருக்கிறார். அத்தனை மாணவர்களின் பெயரையும் டீனே முழுசாகக் கூப்பிடுகிறார். கடைசியில், அந்த வருஷம் இறந்துபோன ஒரு மாணவனின் பெயரையும் கூப்பிட்டார். உடனே அரங்கம் முழுக்க எழுந்து அவனுக்காகக் குரல் கொடுத்தது.

"நம்ம பிள்ளையளையும் நானே கூப்பிடணும் சார். ஒருத்தனையும் விடக்கூடாது" என்றார்.

நல்ல எண்ணம்தான். ஆனால் அங்கே பெயரைக் கூப்பிட்டால் ஊரே பதில் சொல்கிறது. இங்கே நாம், செத்தவர்கள் பெயரைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறவர்கள். அந்த வித்தியாசம் அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் ஒக்கிப் புயல் வந்தது. தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைப் பையன் சிஜோ, மெக்கானிக்கல், எல்லாப் பேப்பரும் முடித்து கல்ஃப் விசாவுக்குக் காத்திருந்தவன். அதுவரைக்கும் சும்மா இருப்பானேன் என்று சித்தப்பாவின் போட்டில் கடலுக்குப் போனான். போட்டும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அவன் அப்பா ஏசுஅடிமை, கோயிலில் பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் மகனுக்கு ஒரு கல்லும் நட்டார். அம்மா பேபி பூசைக்கும் போகவில்லை, கல்லறைக்கும் போகவில்லை. உடம்பைக் காணாமல் எதற்குக் கல்லறை என்று கேட்டார்.

புயலுக்குப் பிந்தைய பட்டமளிப்பு விழாவில், எல்லோரையும் கூப்பிட்டு முடித்த பிறகு மேடம் நிமிர்ந்து நின்று, "சிஜோ, மெக்கானிக்கல்" என்றார்.

யாரும் குரல் கொடுக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசி வரிசையில் ஓர் அம்மா எழுந்து வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தார். அவரைப் பார்த்து பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் அரங்கமே கதவைப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நானும் பார்த்தேன். கதவில் ஒருவரும் இல்லை. வெளியே வெயில்தான் இருந்தது.

அந்த அம்மாதான் பேபி. விழா முடிந்ததும் மேடைக்குக் கீழே வந்து நின்றார்.

"எனக்க மொவன கூப்பிட்டியளே டீச்சரே. அப்பம் அவன் வருவான், இல்லியா?"

மேடம் அந்த முகத்தைப் பார்த்தார். இனி வரமாட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அவனுக்க சர்டிபிகேட் எனக்க பீரோவுல பத்திரமா இருக்கும்மா" என்றார்.

பேபிக்கு அது போதுமாக இருந்தது. வருகிறவனுக்காகத்தானே ஒரு பொருளைப் பத்திரமாக வைப்பார்கள்!

அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் பேபி வந்தார். மீன் விற்கப் போகாமல், நல்ல சேலை கட்டி, மகனின் சட்டையைத் தேய்த்துப் பையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவார். அவர் வந்து உட்கார்ந்திருக்கும்போது மேடம் எப்படிக் கூப்பிடாமல் இருப்பார்? கூப்பிடுவார். அரங்கம் கதவைப் பார்க்கும். மேடை ஈரமாக இருந்தது, கடல்வாடை அடித்தது என்றெல்லாம் பையன்கள் கதை கட்டினார்கள். நான் திட்டி விரட்டினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெயருக்குப் பிறகு வரும் மௌனத்தில் மட்டும் ஸ்பீக்கரில் அலை இரைவதுபோல ஒரு சத்தம் வரும். ஆம்ப்ளிபயர் பழசு. புதுசு வாங்கினோம். அதிலும் வந்தது.

"நிறுத்திருங்க மேடம், அந்த அம்மா பாவம்" என்று ஒருநாள் கோபமாகவே சொன்னேன்.

"நிறுத்துனா அவனக் கொன்னது நான்னு ஆயிரும் சார்" என்றார். அவர் சரியாகத் தூங்கி வருஷங்கள் ஆகியிருந்தன. வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது, கூப்பிடாத ஒருவன் "எஸ் மேடம்" என்பதுபோல் கேட்கிறது என்றார். அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு எல்லா இன்ஜினியரிங் காலேஜுக்கும் வந்த வியாதி எங்களுக்கும் வந்தது. சேர ஆளில்லை. இந்த வருஷத்தோடு மூடுவது என்று டிரஸ்ட் முடிவு செய்தது. கடைசி விழாவுக்கு முன்னால் மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு பேபியின் வீட்டுக்குப் போனார். பேபி சந்தையில் இருந்தார். ஏசுஅடிமைதான் நாற்காலி போட்டார். காலேஜ் மூடப்போகும் விஷயத்தை மேடம் சொன்னார்.

"நல்லதாப் போச்சு" என்றார் அந்த மனுஷன். "நீங்க கூப்பிடுததுவரை இவ கல்லறைக்கு வரமாட்டா டீச்சரே. மொவனும் போய்ட்டான், இவளும் பாதி போய்ட்டா. இந்தத் தடவையாவது செத்துட்டான்னு பறையுங்க. நான் பறஞ்சா கேக்க மாட்டா. நீங்க பறஞ்சா கேப்பா."

மேடம் தலையாட்டினார். திரும்பி வரும்போது காரில், "மறைந்த மாணவர் சிஜோ, மறைந்த மாணவர் சிஜோ" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

விழா நாளில் பாதி நாற்காலி காலி. கடைசி வரிசையில் பேபி இருந்தார். எல்லாப் பெயரும் முடிந்தது. மேடம் மைக்கைப் பிடித்தார். "மறை..." என்று தொடங்கினார். அதற்குமேல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நான் மைக் போய்விட்டதோ என்று பதறி வயரைப் பார்த்தேன்.

"சிஜோ" என்றார் கடைசியில். பழைய குரலிலேயே. "மெக்கானிக்கல்."

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். பேபி பார்க்கவில்லை. எழுந்து, பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, நடுவழியாக மேடைக்கு நடந்து வந்தார். மேடம் பீரோவிலிருந்து எடுத்து வந்திருந்த சர்டிபிகேட்டுக்குக் கையை நீட்டினார்.

"இத இங்க பூட்டிப் போட்டா அவன் வந்து ஆரட்ட கேப்பான்? நான் கொண்டு போறேன்."

அவ்வளவோடு இறங்கியிருக்கலாம். ஆனால் அதைக் கையில் வாங்கியதும் மைக் பக்கம் முகத்தைத் திருப்பி, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல, "அவன் வரமாட்டான்" என்றார்.

அன்றைக்கு ஸ்பீக்கரில் இரைச்சல் வரவில்லை. ராகேல் மேடம் மேஜையைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார். பேபிதான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

இப்போது கல்லறைக் கல்லில் சிஜோ, பி.இ. என்று வெட்டியிருக்கிறது. பேபி ஞாயிறுதோறும் மெழுகுதிரி கொளுத்துகிறார், மற்ற நாளில் மீன் விற்கிறார், நன்றாகத் தூங்குகிறார் என்று கேள்வி. காலேஜ் கேட்டில் பூட்டு தொங்குகிறது.

போன வாரம் புதுக்கடை ஜங்ஷனில் மேடத்தைப் பார்த்தேன். கடற்கரையிலிருந்து வந்த பஸ் நின்றது. ஈரத் தலையோடு ஒரு பையன் இறங்கினான். மேடம் பேச்சை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்தார். அவன் ரோட்டைத் தாண்டிப் போகும்வரை பார்த்தார். நான் கவனித்தது தெரிந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பேபி இப்பம் வழி பாக்கதில்லையாம் சார்" என்றார் மெதுவாக. "ஆராவது ஒருத்தர் பாத்துட்டு இருக்கணும்லா?"