நாய்க்குக் கொடுத்த என் பிப்பர்

நாயின் அங்கியிலிருந்து அந்தப் பிப்பரை நான் ஏன் கழற்றினேன்? ஒரு வருடமாகியும் இந்தக் கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை.

பிப்பர் என்பது பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்கச் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவி. நெஞ்சோடு கட்டிக்கொள்ள வேண்டும். டென்மார்க்கில் அதற்கு வேலையில்லை. இங்கே மலையே கிடையாது. என் கணவர் ஒவ்வொரு பெப்ரவரியும் ஹ்விடோவ்ரேயிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து காரில் ஸ்வீடனைக் கடந்து நோர்வே மலைகளுக்குப் போவார், ஆள் நடமாட்டமில்லாத பனியில் சறுக்குவதற்கு. மகள் பிறக்கும்வரை நானும் போனேன். இருவரிடமும் ஒரே மாதிரிப் பிப்பர் இருந்தது.

மகள் பிறந்த பிறகு என் இடத்தில் நாய் போகத் தொடங்கியது. காரில் என் பனிச்சப்பாத்து இருந்த மூலையில் அதன் சாப்பாட்டுப் பை. அவர் அனுப்பும் படங்களில், நான் நின்ற அதே உச்சியில் அது நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. மகளுக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டே அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பேன். நாயின் மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

போன வருடம் அவர் என் பிப்பருக்குப் புதுப் பற்றரி போட்டு, நாயின் அங்கியில் கட்டினார். நாங்கள் சேர்ந்து படித்த பயிற்சி வகுப்பில் ஆசிரியர் சொன்னதை நினைவூட்டினேன். நாய்க்கு அதைக் கட்டக்கூடாது. தேடுகிறவருக்கு எல்லாச் சமிக்ஞையும் ஒன்றுதான். இருவரும் புதைந்துபோனால், நாயைத் தோண்டி எடுப்பதற்குள் மனிதர் மூச்சடங்கிவிடலாம். என் குறிப்புக் கொப்பியையும் எடுத்துக் காட்டினேன்.

"அவனும் எங்கடை வீட்டு ஆள்தானே," என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "உமக்கு அவனிலை எரிச்சல். அதுதான் கொப்பியோடை வாறீர்."

புறப்படும் காலையில், அவர் சறுக்குப் பலகைகளைக் காரின் மேல் கட்டிக்கொண்டிருந்தபோது, கருவியைக் கழற்றி மகளின் கம்பளிச் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். இவர் புதைந்தால் இவரைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது என்னுடையது என்றும் சொல்லிக்கொண்டேன்.

மலையடிவாரத்திலிருந்து ஃபோன் செய்து, பிப்பர் வீட்டில் கிடக்கிறதா என்று கேட்டார். தேடுவதுபோல் சற்று நேரம் விட்டு, ஓம் என்றேன். அங்கியில் கட்டியதாக நினைத்து மறந்துவிட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டார்.

மூன்றாம் நாள் சிறு பனிச்சரிவு ஒன்று நாயை இழுத்துக்கொண்டு போனது. அவரும் கூடப் போயிருந்த நண்பரும் மேலே தப்பி நின்றார்கள். வாலின் நுனி வெளியே தெரிந்ததால், இன்னொரு முறை சரியக்கூடிய அதே இடத்தில் இறங்கி அவர் அதைத் தோண்டி எடுத்திருக்கிறார். அன்று மாலை ஃபோனில் அழுதார்.

"வால் தெரியாட்டி அவன் செத்திருப்பான். என்ர மறதியாலை."

மகள் பிறந்தபோதுகூட அந்தக் குரலை நான் கேட்டதில்லை. நாய் பிழைத்ததே என்ற நிம்மதிக்கு முன்பே எனக்குத் தோன்றியது அதுதான்.

இன்னும் இரண்டு வாரத்தில் மறுபடி புறப்படுகிறார். இம்முறை மறந்துவிடக்கூடாதென்று கருவியை அங்கியோடு இப்போதே காரில் வைத்துவிட்டார். நாயை என்னுடன் விட்டுவிட்டுப் போகச் சொன்னால், எரிச்சல் என்று மறுபடி சிரிக்கிறார். செய்ததைச் சொன்னால், அவருக்காகச் செய்தேன் என்று நம்புவாரா? எனக்கே அதில் முழு நம்பிக்கையில்லை. சொல்லாவிட்டால் அந்தக் கருவி நாயோடு மலையேறும்.

வீட்டில் ஒருவரை மலைக்கோ கடலுக்கோ அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் இதை வாசித்தால், தயவுசெய்து எழுதுங்கள். நான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா? சொல்வதென்றால், எந்த வாக்கியத்தில் தொடங்குவது?