ஒரே பத்தியில் நான்கு முறை தூர்

ஒரு பத்தியில் ஒரே சொல் இரண்டாம் முறை வந்தால் என் கை தானாகப் பேனாவைத் தேடும். நாளிதழ் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் பிறர் எழுதியதைத் திருத்திச் சம்பளம் வாங்கியவனுக்கு வரும் நோய் இது. ‘கூறினார்’ இரண்டு முறை வந்தால் ஒன்றைத் ‘தெரிவித்தார்’ ஆக்குவேன். மூன்றாவதும் வந்தால் ‘குறிப்பிட்டார்.’ இதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை என்று நம்பியிருந்தேன்.

ஓய்வுபெற்றதும் ஒரகடத்துக்குப் பக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கினேன். பால்கனியில் நின்றால் ஏரி தெரியும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். தெரிந்தது. இடது ஓரத்துக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் வெளியே சாய்ந்தால்.

ஓய்வுக்குப் பிறகு ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றில் நிபுணர் ஆகிறார். நான் நீர்வளப் பொருளாதாரத்தில் ஆனேன். பொதுவளத்தை ஆளாளுக்கு அள்ளிக்கொண்டால் கடைசியில் யாருக்கும் மிஞ்சாது என்று இரண்டு கட்டுரைகள் எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் குடியிருப்போருக்கு இதைப் பற்றிப் பேசவும் செய்தேன். கேட்டவர்கள் ஒன்பது பேர். அவர்களில் மூன்று பேர் துணி எடுக்க வந்தவர்கள். எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் உப்பாகிவிட்டதால் அப்போதே லாரித் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். அந்த லாரி எங்கிருந்து நிரப்பிக்கொண்டு வருகிறது என்று பேச்சின்போது யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

என் கட்டுரைகளை வீட்டுக்கு வெளியே மதித்த ஒரே ஆள் கீரை விற்கும் அம்மாள். காலை ஆறே முக்காலுக்கு, கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும் நேரத்தில், எங்கள் வாசலுக்குக் கூடையோடு வருவார். ஏரிக்கரைக்குக் கீழே, இரண்டாவது மதகிலிருந்து வரும் வாய்க்காலில், அவருக்கு முக்கால் ஏக்கர் நிலம். மழைக்காலத்தில் நெல், மற்ற நாளில் கீரை. அந்த வாய்க்காலில் இன்னும் பயிர் வைப்பவர்கள் ஆறு பேர்தான். மற்ற நிலங்களில் கார் ஏற்றும் நீளமான டிரெய்லர் லாரிகள் நின்றன. அவருடைய நிலத்தையும் லாரி நிறுத்தக் கேட்டு ஓர் ஆள் வந்துகொண்டிருந்தார்.

“மதகுத் தண்ணி வந்தா நெல்லு சார். வராட்டி லாரி. அவ்ளோதான்” என்றார் ஒருநாள். “நீதான் பேப்பர்ல இருந்தவன் ஆச்சே. கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் குடேன்.”

உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்.

“ரெண்டாவது மதகு வாயில தூர் அடச்சிகினு கீது. தூர் எடுக்கணும். முட்டி உசரத்துக்குத் தூர். அந்தத் தூர எடுத்தா போதும், தண்ணி தானா வரும்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனுவை எழுத முடியாது. அது எனக்கு இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நான்கு வாக்கியத்தில் நான்கு தூர். வீட்டுக்குப் போய்த் திருத்தினேன். முதல் தூரை விட்டுவைத்தேன். இரண்டாவதை ‘வண்டல்’ ஆக்கினேன். மூன்றாவதைப் ‘படிவு’ ஆக்கினேன். நான்காவதற்குச் சொல் கிடைக்காமல் இரண்டு காபி குடித்தேன். பிறகு ‘ஏரியை ஆழப்படுத்தி’ என்று எழுதினேன். சொல் நன்றாக விழுந்திருந்தது. அதனால் அதையே தூக்கி மேலே பொருள் வரியிலும் வைத்தேன்: ‘பொருள்: ஏரியை ஆழப்படுத்துதல் தொடர்பாக.’ அந்த வரியில் மதகு இல்லை. தலைப்பில் உள்ளூர் விவரம் வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன்.

படித்துக் காட்டினேன். “பேப்பர்ல வர்ற மாரியே கீது சார்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வாய்க்கால்காரர்கள் மற்ற ஐந்து பேரும் போட்டார்கள். எங்கள் குடியிருப்பிலும் நாற்பது கையெழுத்து வாங்கிச் சேர்த்தேன்.

அரசு அலுவலகத்தில் ஒரு காகிதம் பொருள் வரியைப் பிடித்துக்கொண்டுதான் மேசை மேசையாக நகரும். தலைப்பை மட்டும் படிக்கும் வாசகர்களுக்காகவே ஆயுள் முழுவதும் தலைப்பு எழுதியவன் நான். இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல.

சித்திரையில் ஏரி வறண்டபோது பொக்லைன் வந்தது. பால்கனியிலிருந்து சாய்ந்து படம் எடுத்து, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ‘மனுவின் வெற்றி’ என்று போட்டேன். எழுபது கட்டைவிரல்கள் வந்தன. அதை எண்ணியிருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இயந்திரம் மதகுப் பக்கமே போகவில்லை. ஏரியின் நடுவில் தோண்டியது. லாரி லாரியாக மண் போயிற்று. கீரைக்கார அம்மாள் இறங்கிப் போய் நிறுத்தியிருக்கிறார். அவர் அன்று என்னிடம் சொன்னது இது:

“மதகாண்ட வாருடா, நடுவுல இன்னாத்துக்குத் தோண்றன்னு கேட்டேன் சார். கான்ட்ராக்ட் ஆளு பேப்பரக் காட்றான். ஆழப்படுத்தணும்னுதான் போட்டுகிது, மதகுன்னு இல்லியேம்மான்றான்.”

நான் அவருக்கு விளக்கினேன். ஏரி ஆழமானால் கொள்ளளவு கூடும், கொள்ளளவு கூடினால் தண்ணீர் அதிகம் நிற்கும் என்றேன். கையால் கிண்ணம்போலக் காட்டினேன் என்று நினைக்கிறேன்.

“நிக்கும் சார்” என்றார். “எனக்கு நின்னா இன்னாத்துக்கு ஆவும்? ஓடணும் இல்ல?”

மதகின் அடிமட்டத்துக்கு மேலே இருக்கும் தண்ணீர்தான் வாய்க்காலுக்குள் போகும். அதற்குக் கீழே எத்தனை ஆழம் தோண்டினாலும் அது வயலுக்குக் கிடைக்காத தண்ணீர். பெய்யும் மழை முதலில் பள்ளத்தை நிரப்பிவிட்டுத்தான் மதகுப் பக்கம் ஏறும். இரண்டு கட்டுரையும் ஒரு மொட்டைமாடிப் பேச்சும் முடித்தவனுக்கு இது புரிய, வாளியில் நத்தை வர வேண்டியிருந்தது.

ஆவணி மழைக்குப் பிறகு ஒரு காலை, குளிக்கப் பிடித்த தண்ணீரில் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு நத்தை ஊர்ந்தது. அடுத்த வீட்டிலும் நத்தை. அன்று மாலையே குடியிருப்போர் சங்கக் கூட்டம். எங்கள் செயலாளர் திருநெல்வேலிக்காரர், கார் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. தொழிற்சாலையில் எந்தக் கோளாறு வந்தாலும் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்டு மூல காரணத்தைப் பிடிப்பார்களாம். வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கத்தை அவர் கழற்றி வைப்பதில்லை. நான் பேனாவை வைக்காததுபோலத்தான்.

“சரி, கேக்கேன். நத்தை ஏன் வருது?”

“லாரி ஏரியில தண்ணி எடுக்குது” என்றார் காவலாளி. அவர் அதை நேரில் பார்த்திருக்கிறார்.

“ஏரியில ஏன் எடுக்கான்?”

“நடுவுல பெரிய பள்ளம் கீது சார். மோட்டார் போட்டா உறிஞ்சிட்டே இருக்கலாம்.”

“பள்ளம் ஏன் வந்துச்சு?”

“ஆழப்படுத்தச் சொல்லி ஆர்டர்” என்றார் இரண்டாம் மாடிக்காரர்.

“ஆர்டர் ஏன் போட்டாங்க?”

“நாமதானே மனு குடுத்தோம்.”

“மனுவுல ஏன் அப்படிக் கேட்டோம்?”

ஐந்தாவது ஏன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது, அதனால் மாற்றினேன் என்றேன்.

செயலாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். “என்ன சார் சொல்லுதிய?”

திரும்பவும் சொன்னேன். இரண்டாம் முறை இன்னும் மோசமாகக் கேட்டது.

“மூல காரணம்: சார்” என்று எழுதி, கீழே கோடு போட்டார். கொஞ்சம் யோசித்து, “தப்பா எடுத்துக்காதிய. ஃபார்மட் அப்படி” என்றார்.

மறுநாள் காலை கூடையோடு வந்த அம்மாளிடமும் நானே சொன்னேன். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். கீரைக் கட்டின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டார்: “தூருன்னா இன்னா, கெட்ட வார்த்தையா சார்?”

“இல்லம்மா.”

“அப்பறம் ஏன் தொட்ட? உன் வார்த்ததான் இப்ப உன் பக்கெட்ல நத்தையா வந்துகிது. எனக்கு அதுகூட வரல.” பிறகு தெளிப்பதை நிறுத்தினார். “நெலத்தக் கேக்குற லாரிக்காரன் கார்த்திகைக்குள்ள பதில் சொல்லுன்றான் சார். ஐப்பசியில மதகுல தண்ணி ஏறலன்னா நான் இன்னா சொல்றது அவனாண்ட?”

எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரம் பத்திரிகைப் பரிகாரம். பிழை வந்தால் திருத்தம் வெளியிடுவோம், உள்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத மூலையில். இங்கே உள்பக்கம் இல்லாததால் லிப்டில் ஒட்டினேன். ‘திருத்தம்: நமது மனுவில் ஏரியை ஆழப்படுத்துதல் என்று வந்தது இரண்டாவது மதகில் தூர் எடுத்தல் என்றிருக்க வேண்டும். தவறு எழுதியவருடையது. பள்ளத்திலிருந்து லாரி எடுக்கும் ஒவ்வொரு லோடும் மதகுக்கு வர வேண்டிய தண்ணீர்.’ என் எழுத்துகளிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். லிப்டில் வேறு வேலை இல்லை.

ஏரித் தண்ணீர் லாரியை நிறுத்துவது என்று சங்கத்தில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் முடிவானது. தூரத்திலிருந்து வேறு லாரி ஒரு நடைதான் வந்தது. குழாயில் காலை இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் படிக்கட்டில் என்னைப் பார்த்தால் வாளியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்கள்.

இரண்டாவது மனுவை அந்த அம்மாள் சொல்ல, நான் எழுதினேன். நான்கு தூரும் இருந்தன. பொருள் வரியையும் அவரே சொன்னார்: ‘ரெண்டாவது மதகுல தூர் எடுக்கணும், ஏரியில மோட்டார் வெக்கக் கூடாது.’ ‘வெக்க’ என்பதை ‘வைக்க’ என்று திருத்த அனுமதி கேட்டேன். “அது மட்டும்” என்றார்.

புரட்டாசிக் கடைசியில் மதகு வாயில் தூரை வாரினார்கள். மோட்டார் வைக்கத் தடை என்று கரையில் பலகை நட்டார்கள். நடுப்பள்ளம் அப்படியேதான் இருந்தது. அதை யாரும் திரும்ப நிரப்ப முடியாது. ஐப்பசி பிறந்ததும் தினமும் காலையில் ஏரிக்குப் போனேன். முதல் மழை முழுவதையும் பள்ளம் குடித்தது. இரண்டாவது மழையையும் குடித்தது. மதகின் அடிக்கல்லுக்கு ஒரு முழம் கீழே, ஒரு சாண் கீழே என்று வந்து அம்மாளிடம் சொல்வேன். நாலு விரல் கீழே என்பதிலேயே ஒரு வாரம் நின்றது. அந்த வாரம் லாரிக்காரர் இரண்டு முறை வந்துபோனார்.

கார்த்திகை பிறந்து ஆறாம் நாள் காலையில் அம்மாள் வாசலுக்கு வரவில்லை. போய்ப் பார்த்தேன். வாய்க்காலில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. அவர் மண்வெட்டியோடு வரப்பில் நின்றார். நாற்று விடும் பருவம் தப்பியிருந்தது. நீண்ட நாள் நெல்லுக்கு வழியில்லை. பாதி நிலத்தில் குறுகிய நாள் நெல், மீதியில் கீரை என்று கணக்குப் போட்டிருந்தார்.

“லாரிக்காரருக்கு என்ன சொன்னீங்க?” என்றேன்.

“இந்த வருசம் இல்லன்னுட்டேன்.” மண்வெட்டியால் ஒரு மடையைத் திறந்துவிட்டார். தண்ணீர் உள்ளே திரும்பியது. “அடுத்த வருசத்துக்குத் திரும்ப மனு போடணும் சார். நான் சொல்றேன், நீ எழுது. வூட்டுக்கு எடுத்துகினு போவாத. இங்கியே எழுதிட்டுப் போ.”

சட்டைப்பையில் பேனா இருந்தது. வரப்பில் உட்கார்ந்தேன்.