காகிதப்பூவுக்கு ஊற்றிய தண்ணீர்

என் நாத்தனார் துணிக்கடையில் முப்பத்திரண்டு வருஷம் துணி அளந்து வெட்டியவர். விரற்கடை கூடவும் விடமாட்டார், குறையவும் விடமாட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை ஓய்ந்ததும் ஒரு பெட்டியோடும் தன் கத்தரியோடும் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார்.

வாசலில் மேற்கு பார்த்த ஒரு துண்டு மண். கோடையில் புல்கூடக் கருகிவிடும். அதில் பூச்செடி வைக்கப் போவதாகச் சொன்னார். செடி வாங்கும் முன் ஒரு வாரம் சாக்குக்கட்டியும் கையுமாக அலைந்தார். மணிக்கொரு தடவை, நிழல் எதுவரை வருகிறதென்று சுவரில் கோடு.

"செடி வைக்கப் போறீங்களா, சட்டை தைக்கப் போறீங்களா அண்ணி?"

"அளவு தெரியாம வெட்டினா துணி போச்சு. வெயில் தெரியாம வச்சா செடி போச்சு. நீ போய் உன் அடுப்பப் பாரு."

அரைநிழலில் நந்தியாவட்டை, அடுத்து செம்பருத்தி, நாள் முழுக்கக் காயும் கேட்டோரத்தில் காகிதப்பூ. முதல் இரண்டும் அந்தக் கோடையிலேயே பூத்தன. அவருக்கு ஆசையெல்லாம் மூன்றாவதன் மேல்.

"வீடு எதுன்னு யாராச்சும் கேட்டா, அதோ செவப்பா பூத்திருக்குல்ல, அதான் எங்க வீடுன்னு சொல்லணும்."

ஆனால் அதற்கு மட்டும் தண்ணீரைக் கண்ணில் காட்டமாட்டார். இலை துவண்ட பிறகுதான் ஒரு குவளை.

"பட்டினி போட்டா பிள்ளை வளருமா அண்ணி?"

"இதைத் தாகத்துல விட்டாத்தான் பூக்கும். தண்ணி ஊத்தினா இலைதான் தள்ளும்."

எனக்குத் தெரியாததா என்ற திமிர் எனக்கு. தினமும் அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, பாத்திரம் அலசிய தண்ணீரை ஒரு வாளி கொட்டி, மேலே சருகை இழுத்துவிடுவேன். செடி சுவரைத் தாண்டி வளர்ந்தது. ஒரே பச்சை. மூன்று கோடை, ஒரு பூ இல்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கிளை நுனியாகப் பார்ப்பார்.

ஒருநாள் குழம்பில் உப்பு தூக்கல் என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"உங்க கை பட்டது எது பூத்திருக்கு, அது பூக்கறதுக்கு?"

பக்கத்தில் இரண்டு செடி பூத்துக் குலுங்குவது கோபத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் தட்டைக் கழுவி வைத்தார். அந்த வாரமே தன் சின்னத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். கத்தரியும் போனது.

அதன்பின் வாளியைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று வாரத்தில் பாதி இலை உதிர்ந்தது. அப்புறம் நுனியில் சிவப்பு. இன்னும் பத்து நாளில் கேட்டே மறைந்துவிட்டது. போன் போட்டேன்.

"அண்ணி, காகிதப்பூ பூத்திருக்கு."

"நல்லா செவப்பா?"

"கேட்டே தெரியல."

"நான் கிளம்பி இங்க வந்தப்புறம்தானே பூத்துச்சு?"

"ஆமா, ஆனா..."

"அப்ப நீ சொன்னது சரிதான். வச்சிடறேன், அடுப்புல பால் இருக்கு."

தெருவுக்கே வாய் கொடுப்பவள் நான். நான்தான் தண்ணி ஊத்தினேன் என்று மூன்று வார்த்தை. தொண்டையிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது.

நேற்று தபால்காரர், "செவப்புப் பூ வீட்டம்மா" என்று கூப்பிட்டார். தபாலை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அது அண்ணியைக் கூப்பிட்டிருக்க வேண்டிய பேர்.