உப்பு போட்ட ஐஸ்

ஐஸைப் பற்றி என் வீட்டுக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் முப்பது வருசமாக மீனை ஐஸில் அடுக்கி வெளியூருக்கு ஏற்றிவிடுகிற மனுசர். அந்தப் பெருமைதான் என் ஊசியைக் கெடுத்தது.

எனக்குக் கடுமையான ஆஸ்துமா. இன்ஹேலர், ஸ்டீராய்டு மாத்திரை எல்லாம் பார்த்தாச்சு. நான் பாடம் எடுக்கும் மாடி வகுப்புக்குப் போக நடுவில் இரண்டு தடவை நிற்பேன். கடைசியில் மதுரை டாக்டர், நாலு வாரத்துக்கு ஒருமுறை போடுகிற பயாலஜிக் என்கிற புதுவகை ஊசியை ஆரம்பித்தார். இரண்டே ஊசியில் நிற்காமல் மாடி ஏறிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், மேல்படியில் உட்கார்ந்து அழுதேன். "மாத்திரையைக் குறைச்சிரலாம். ஊசி மட்டும் தவறக்கூடாது" என்றார் டாக்டர்.

மூன்றாவது ஊசியை எங்கள் ஊரிலேயே போட ஏற்பாடு. எனக்குப் பள்ளியில் பரீட்சை நேரம், அதனால் மருந்தை வாங்கிவர இவர் மதுரைக்குப் போனார். மருந்துக்கடையில் குளிர்பையோடு சின்னப் பெட்டி கொடுத்து, உறையக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். இவரோ வீட்டிலிருந்தே ஐஸ் நிரப்பிய மீன்பெட்டி கொண்டுபோயிருந்தார். குளிர் இன்னும் ஏறட்டும் என்று இரண்டு கை உப்பும் போட்டு, ஊசியை நடுவில் புதைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி சிஸ்டர் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே கட்டியாக உறைந்திருந்தது. "இது இனி இளகினாலும் ஆகாதும்மா."

"நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்" என்று இவர் முனகினார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற மனுசரிடம் என்னத்தைச் சொல்ல?

மறு மருந்து கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் நெஞ்சு இறுகியது, மாத்திரை கூடியது. மாடிப்படியில் பழையபடி நின்றேன். பிறகு லீவு போட்டுவிட்டு வீட்டில் கிடந்தேன். நாலு சொல் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. துறைமுகத்துக்கே போகாமல் இவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புது மருந்தைக் கடைக்காரர் கொடுத்த பெட்டியிலேயே, மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அதைப் போட்டுச் சில வாரம் கழித்து ஒரு காலையில், இவர் மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிந்து ஓடியது.

"ஏங்க, கண்ணு எங்கன இருக்கு? ஊரே குடத்தோட அலையுது, நீங்க தெருவுல ஆறு விடுதியளா? ஒரு சொல்லு கேக்க மாட்டிய, ஒரு வேலை ஒழுங்காச் செய்ய மாட்டிய, ஒங்களக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு போதாதா!"

ஒரே மூச்சில் கொட்டினேன். மோட்டாரை நிறுத்தாமல் அப்படியே நின்றார். கண் நிறைந்திருந்தது.

"ஏளா, இன்னும் கொஞ்சம் திட்டு" என்றார்.