ஊன்றிய கால்

ஓடும் பேருந்தில் இருபது வருடம் நின்று சீட்டுக் கொடுத்த நடத்துநருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. கூடைப்பந்தில் பந்தைத் தட்டாமல் பிடித்திருப்பவர் ஊன்றிய காலை நகர்த்தக் கூடாது. பணிமனை அணிக்காக ஆடிய இரண்டு ஆட்டங்களில் நடத்துநர் காலை நகர்த்தி, பந்து எதிரணிக்குப் போயிருந்தது.

"இன்னைக்கும் கால் நகர்ந்தா, அடுத்த ஆட்டத்துல நீ வெளியதான் மச்சான்," என்றார் அணித்தலைவரான ஓட்டுநர்.

கடைசி நிமிடத்தில் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து நடத்துநர் கைக்கு வந்தது. எதிராளி முகத்துக்கு நேரே கைகளை விரித்து மறித்தான். நடத்துநர் இடது காலை ஆணி அடித்ததுபோல் ஊன்றினார். தரையே பேருந்துபோல் ஆடுவதாகத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டார். கால் அசையவில்லை.

விசில் ஒலித்தது. இப்படி மறிக்கப்பட்டவர் ஐந்து நொடிக்குள் பந்தை விட்டாக வேண்டும். காலிலேயே கண்ணாக இருந்தவர் அதை மறந்துவிட்டார்.

பந்து எதிரணிக்குப் போக, ஆட்டமும் கைவிட்டுப் போனது.

"காலும் நகரல, பந்தும் நகரல," என்றார் ஓட்டுநர்.

"அப்ப நான் வெளியவா?"

"கால் நகர்ந்தாதான வெளியன்னு சொன்னேன். வந்து தொலை."