தேயிலைப் பெட்டியில் ஏழு அட்சரம்

அறுபதுகளின் தொடக்கத்தில் வவுனியாவில் ஒரு பாட்டுக்குழுவில் நான் பேஸ் என்ற கனத்த ஒலி வாத்தியம் வாசித்தேன். சொல்லும்போது பெரிதாகத்தான் இருக்கிறது. வாத்தியம் என்னவோ கவிழ்த்து வைத்த தேயிலைப் பெட்டி, ஒரு விளக்குமாற்றுத் தடி, பெட்டியின் நடுவிலிருந்து தடி நுனிக்கு இழுத்துக் கட்டிய ஒற்றைக் கயிறு. தடியைச் சாய்த்துக் கயிற்றைச் சுண்டினால் ‘டும்’ என்று வரும். எந்தப் பாட்டுக்கும் ஏறக்குறைய அதே ‘டும்’தான்.

வயது நாற்பதைத் தாண்டி இடுப்புப் பிடிப்பும் வந்துவிட்டதால் பாதிக் கச்சேரிக்குமேல் என்னால் நிற்க முடியாது. மீதியை ரயில் நிலையத்தில் வேலை பார்த்த நண்பர் வாசிப்பார். அவருக்கு முழங்கால் நோ. இரண்டு பேரைச் சேர்த்தால் ஒரு வித்துவான் தேறுவார்.

ஓய்வில் எங்களை உருவாக்கிய இசையைப் பற்றிக் கதைப்போம். நான் பளையில் பிறந்தவன். கோயில் தவில்தான் என் குரு என்பேன். அதைக் கோயிலுக்கு வெளியே, கச்சான் கடலை விற்பவளின் ஓலைக் கடகத்தருகே நின்று கேட்டதைச் சொல்வதில்லை. நண்பருக்குச் சரக்கு ரயில் குரு.

எங்கள் குழுவில் அக்கோர்டியன் வாசித்த இளம் வாத்தியார் ஏழு அட்சரத் தாளத்தில் ஒரு மெட்டுப் போட்டுவந்தார். தண்ணீரூற்று என்ற ஊரில் ஒரு கல்யாணத்தில் வாசிக்க வேண்டுமாம்.

“மாஸ்டர், ரெயில் ஏழிலை ஓடாது,” என்றார் நண்பர்.

“தவில் ஓடுமெல்லோ அண்ணை,” என்று வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது.

எவ்வளவு பழகியும் ஏழு முடிந்ததும் என் விரல் எட்டாவதைச் சுண்டியது. கடைசியில் நண்பர் எண்ணி எண்ணி என் தோளில் தட்டுவது, தட்டுக்கு மட்டும் நான் சுண்டுவது என்று ஒப்பந்தமாயிற்று.

கல்யாணப் பந்தலில் சிறிது நேரம் நன்றாகவே போனது. அப்போது யாரோ நண்பரிடம் பலகாரத் தட்டொன்றை நீட்டினார்கள். அவர் தட்டிய கையாலேயே வாங்கிக்கொண்டார்.

“தட்டு மச்சான், தட்டு,” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் பலகாரத் தட்டை என் பக்கம் நீட்டினார்.

நான் எனக்குத் தெரிந்த எட்டுக்குப் போய்விட்டேன். எங்கள் குழுவின் மேளக்காரரும் என் பின்னால் வந்தார். தனித்து விடப்பட்ட அக்கோர்டியனும் வேறு வழியின்றி வந்தது. அதுவரை மரியாதையாக உட்கார்ந்திருந்த இளம் பெடியள் எழுந்து ஆடத் தொடங்கினார்கள்.

முடிந்ததும் பெண்ணின் தகப்பன் வாத்தியாரிடம் வந்தார். “தம்பி, முதல்லை கொஞ்சம் நொண்டினது. பிறகு நல்லா வந்திட்டுது.”

அதன்பின் அந்தப் பாட்டை எப்போதும் எட்டிலேயே வாசித்தோம். மெட்டைத் திருத்தியது நாங்கள்தான் என்று நானும் நண்பரும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம். அந்தக் கதை எழும்போதெல்லாம் வாத்தியார் குனிந்து அக்கோர்டியனின் வாரைச் சரிசெய்யத் தொடங்கிவிடுவார்.